காற்றுமறைப்பும் காற்றின் மொத்தலும்

தமிழாசிரியன் ஒருவன் விழா மலருக்குக் கட்டுரை வரையப் புகின், அஃது இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ அமைதல் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கு. அவ்வழக்கினின்றும் சிறிது விலகி, மோட்டார்ச் சைக்கிளிற் செல்வோரின் தலையைக் காற்று மொத்துவது ஏன், அதனைக் குறைக்கும் வழி யாது என்பவற்றை ஈண்டு விளக்கக் கருதினேன். இதற்குக் காரணம் உண்டு. நம் பழைய மாணவருள் ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் பிற உத்தியோகத்தராயும் உள்ளோர் பலர், ஆனையிறவு கடந்து கிளிநொச்சிப் பக்கத்திற்கும், பண்ணைப் பாலம் கடந்து தீவுப்பகுதிக்கும் நாடோறும் மோட்டார்ச் சைக்கிளிற் சென்று மீள்கின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஒருவழித் தூரமே 60 கிலோமீற்றருக்கு மேற்படும். அவருட் சிலர், ‘வின்ட் ஷீல்ட்’ என வழங்கும் காற்றுமறைப்பைத் தம் வண்டியின் முன்னே பூட்டிக்கொண்டனர். பூட்டியபின், “மார்பிற் காற்றுப் படவில்லை, ஆனால் தலை முன்னையிலும் கூட ஆடுகிறது, காது இரைகிறது” என்று முறையிடுகின்றனர். மறைப்புப் பழுதென்று சிலர் கருதுவர். இன்னும் உயரமான ஒன்றை வாங்கினாற் சரியாகிவிடும் என்று சிலர் கருதுவர். இவ்விரு கருத்தும் பெரும்பாலும் பொருந்தா.

யான் விஞ்ஞானம் கற்பிப்பவன் அல்லன். ஆயினும் பல்லாண்டு இவ்வீதிகளில் வண்டி செலுத்தியவன். பௌதிகம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் ஓயாது வினவி இவ்விடயத்தைத் தெளிந்தவன். சொல்லைப் பற்றி மட்டும் ஒன்று கூறிவிடுகின்றேன். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் கையால் அறைதல் என்னும் பொருளினின்றும் வந்தது. தமிழில் இதற்கு ‘மொத்தல்’ என்ற சொல்லே பொருந்தும். தள்ளுதல் வேறு, மொத்துதல் வேறு. அந்த வேறுபாட்டிலேயே இக்கட்டுரையின் பொருள் அடங்கிக் கிடக்கின்றது.

காற்றுத் தள்ளும் வலி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் நிமிர்ந்திருந்து செல்பவன் மீது காற்றுத் தள்ளுவது ஏறக்குறைய 3 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். வேகம் 72 ஆகின் அது நான்கு மடங்காகி 12 கிலோகிராம் ஆகும். 108 ஆகின் ஒன்பது மடங்காகி 27 கிலோகிராம் ஆகும். இங்கே வேகமென்பது வீதியைச் சார்ந்த வேகமன்று. காற்றைச் சார்ந்த வேகம். சோளகக் காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்த்து வீசும் நாளில், பண்ணைப் பாலத்தின் மேல் 60இற் செல்பவனுடைய தலை 90இல் ஓடும் காற்றைச் சந்திக்கின்றது. வேகமானியை நோக்கி, “நான் மெதுவாகத்தானே போகிறேன்” என்று ஆறுதல் கொள்வதிற் பயனில்லை.

இத்தள்ளல் ஒரு சீராக இருக்குமாயின் உடம்பு அதனைத் தாங்கிக்கொள்ளும். கழுத்தும் முதுகும் அதற்கேற்பச் சாய்ந்து நிலைபெறும். மொத்தலோ அத்தகையதன்று. ஒரு நொடிக்குட் பலமுறை முன்னும் பின்னும், இடமும் வலமும் வலி மாறுகின்றது. கழுத்துத் தசைகள் எப்பக்கம் இறுகுவதென்று அறியாது ஓயாமல் இறுகித் தளர்கின்றன. தலைக்கவசம் ஆடுங்காற் பார்வையும் நடுங்குகின்றது. தூரத்தே நிற்கும் மாடு மாடென்று தெளியச் சிறிது நேரம் பிடிக்கின்றது. இவற்றினும் பெரிய தீங்கு செவிக்கு நேர்வது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

மறைப்பு இருந்தும் மொத்தல் மிகுவது எவ்வாறு? நம்மூர் வேலியையும் மதிலையும் எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கிடுகு வேலியும், கிளுவையும் பூவரசும் நட்ட உயிர்வேலியும் காற்றை முற்றாக அடைப்பனவல்ல. அவற்றின் இடுக்குகளாற் சிறிது காற்று உள்ளே கசியும். சீமெந்து மதிலோ காற்றை முழுதும் அடைப்பது. காற்றைத் தடுப்பதில் மதிலே சிறந்ததென்று எவரும் எண்ணுவர். உண்மை வேறு. மதிலில் மோதிய காற்று மேலேறித் தாவும்போது, மதிலின் பின்புறத்தே அமுக்கம் குறைகின்றது. அந்தக் குறைவை நிரப்புவதற்கு மேலே சென்ற காற்று சுருண்டு கீழே பாய்கின்றது. மதிலோரத்தில் அமைதி போலத் தோன்றினும், அதற்குச் சிறிது அப்பால் உள்ள வாழைகளைச் சுழற்காற்று அலைக்கழிக்கும். வேலியின் வழியாகக் கசிந்த காற்றோ, விரைவு குன்றிப் பின்புறத்தை முன்னரே நிரப்பிவிடுகின்றது. மேலே செல்லும் காற்றுக்குச் சுருண்டு விழவேண்டிய தேவை குறைகின்றது. பாதியளவு திறந்த காற்றுத்தடை, முற்றும் அடைத்த சுவரினும் நெடுந்தூரம் அமைதி தரும் என்பது வேளாண்மை ஆராய்ச்சியாளர் வயல்களில் அளந்து கண்ட முடிபு. 

மோட்டார்ச் சைக்கிளிற் பூட்டும் காற்றுமறைப்பு ஒரு சிறு மதில். அதன் மேல்விளிம்பிலே விரைந்து செல்லும் காற்றும், அதன் பின்னே தேங்கி நிற்கும் காற்றும் ஒன்றையொன்று உராய்கின்றன. அந்த உராய்விடத்திற் சுழல்கள் பிறந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று பின்னோக்கிச் செல்கின்றன. அச்சுழல்கள் செல்லும் வழியில் ஓட்டுபவனின் தலை அகப்பட்டுக்கொண்டால், ஒவ்வொரு சுழலும் ஒரு மொத்து.

சுழல்கள் இவ்வாறு ஒழுங்காகக் கழலும் என்பது பழைய ஆராய்ச்சி. காற்றிற் கம்பி பாடுவதை ஆராய்ந்த செக் நாட்டு அறிஞர் ஸ்ற்றூகால், 1878இல் அதன் கணக்கைக் கண்டார். காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிப்பால் வகுத்து, அதனை 0.2 ஆற் பெருக்கினால், ஒரு நொடிக்கு எத்தனை சுழல் கழலும் என்பது ஏறக்குறையப் பெறப்படும். 4 மில்லிமீற்றர்க் கம்பியை நொடிக்கு 10 மீற்றர் வேகக் காற்று கடக்கும்போது 500 சுழல்கள் கழலும். அது நல்ல இசைச்சுருதி. அதே கணக்கை 40 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு பொருளுக்கு, நொடிக்கு 20 மீற்றர், அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்திற் போட்டால் 10 என்று வரும். காற்றுமறைப்பு உருண்டைக் கம்பியன்று; ஆகையால் இதனைப் பருமட்டான மதிப்பாகவே கொள்ளல் வேண்டும். எனினும், தலை நொடிக்குப் பத்து முறை அளவில் மொத்துண்கின்றது என்பது ஓட்டுபவர் உணர்வோடு ஒத்துவருகின்றது. கம்பியில் இசையாய் இனிப்பது கழுத்தில் நோவாய் முடிகின்றது.

செவியின் கதைக்கு வருவோம். தலைக்கவசத்தினுள்ளே காற்று எழுப்பும் ஒலி மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் 90 டெசிபெல் அளவை எட்டும் என்றும், வேகம் இரட்டித்து 160 ஆகும்போது 110 வரை ஏறும் என்றும் அளந்து கண்டிருக்கின்றனர். இஃது எஞ்சினின் ஒலியன்று. முற்றும் காற்றின் ஒலியே. தொழிலாளர் செவியைப் பேணுதற்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் வகுத்த அளவுகோலின்படி, 85 டெசிபெல்லில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 100இற் கால் மணி. கிளிநொச்சிக்குச் சென்று மீள்பவர் வீதியிலே கழிக்கும் நேரத்தை இக்கணக்கோடு வைத்துப் பார்க்க. எதிர்காற்றும் மறைப்பின் சுழலும் சேர்ந்தால் ஒலி இன்னும் ஏறும்.

பேரொலியாற் கெடும் செவி முதலில் இழப்பது நொடிக்கு 4000 அதிர்வை அண்டிய உயர்ந்த ஒலிகளை. உயிரொலிகள் கேட்கும், சகரம் முதலிய மெய்யொலிகளின் கூர்மை மழுங்கும். பின்வாங்கில் இருக்கும் மாணவனின் மெல்லிய விடையைக் கேட்டுத் திருத்தவேண்டிய ஆசிரியருக்கு இதனிலும் பெரிய இழப்பு வேறில்லை. கெட்ட அச்செவி மீள்வதுமில்லை. வீடு வந்தபின் சில நாழிகை காது இரைவதைப் பலர் களைப்பென்று தள்ளிவிடுகின்றனர். அஃது எச்சரிக்கை என்று கொள்ளல் வேண்டும்.

காற்றுமறைப்பை அமைப்போரும் இவற்றை ஒரே நாளில் அறிந்தவர் அல்லர். இத்தாலியிலே மண்டெல்லோ என்னும் ஏரிக்கரை ஊரில் மோட்டோ குஸ்ஸி நிறுவனம் 1950இல் முழு வண்டியையும் ஆளையும் நிறுத்திச் சோதிக்கத்தக்க காற்றுச்சுரங்கம் ஒன்றைக் கட்டியது. ஆனால் அது வேகத்தை மிகுவிக்கும் நோக்கினது. பந்தயக்காரனின் கழுத்தைப் பற்றி அக்காலத்தில் எவரும் கவலை கொண்டிலர். யேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டியின் முன்மூடி காற்றுச்சுரங்கத்திற் சோதித்து உருவாக்கப்பட்டது. நெடுந்தூரம் செல்பவன் களைக்காதிருத்தலும் அதன் நோக்கங்களுள் ஒன்று. என் கருத்துக்கு மிக்க சான்றாவது அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன். வௌவாற் சிறகு போன்ற அதன் பெரிய முன்மூடி 1969இல் வந்தது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அதன் பின்னே அமர்ந்தவர் தலை மொத்துண்டதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. 2014ஆம் ஆண்டு மாதிரிகளில் அந்நிறுவனம் செய்த மாற்றம் யாது? மறைப்பை உயர்த்தவில்லை. மறைப்பின் அடியில், முன்மூடியின் நடுவே, திறந்து மூடத்தக்க ஒரு காற்றுவாயில் வைத்தது. மதிலை வேலியாக்கியது என்க. மொத்தல் குறைந்தது.

இனி, நம் வண்டிகளுக்கு வருவோம். நம்மிற் பெரும்பாலோர் செலுத்துவன 100 முதல் 150 சி.சி. வரையான வண்டிகள். அவற்றுக்கெனக் காற்றுச்சுரங்கத்திற் செய்த மறைப்புக் கிடைப்பது அரிது. கடையிற் கிடைக்கும் பொதுவான தகட்டையே பூட்டுகின்றோம். ஆதலால் அதனைத் தம் உயரத்திற்கு ஏற்பத் திருத்துவது அவரவர் பொறுப்பாகின்றது.

முதலில் மொத்தல் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஆளரவம் குறைந்த நேரான வீதியில், இயல்பான வேகத்திற் செல்லும்போது, மிதிகளிற் கால் ஊன்றி இருக்கையினின்றும் நான்கு விரற்கடை எழுந்து பார்க்க. காற்று முகத்தில் வலிதாகப் பட்டும், இரைச்சல் சட்டென்று சீராகி ஆட்டம் நின்றதாயின், தலை தூய காற்றுக்குள் வந்துவிட்டது, மேல்விளிம்பே குற்றவாளி. பின்னர் இருக்கையில் அமர்ந்து சிறிது குனிந்து பார்க்க. அங்கும் அமைதி கிடைக்குமாயின், இயல்பாக இருக்கும் நிலையில் உங்கள் தலை சுழல்கள் செல்லும் அடுக்கின் நடுவிலேயே மாட்டிக்கொண்டிருக்கின்றது. எழுந்தும் குனிந்தும் மாற்றமில்லையாயின், முழங்கால் இரண்டையும் பெற்றோல் தாங்கியோடு நெருக்கிப் பார்த்தல் வேண்டும். அப்போது ஆட்டம் குறைந்தாற் காற்றுக் கீழிருந்து, முன்சில்லின் கவைக்கால்களுக்கும் தாங்கிக்கும் இடையால் ஏறிவருகின்றது என்பது துணிபு. இன்னுமொரு சோதனை உண்டு. விரல் நீளக் கம்பளி நூல்களை மறைப்பின் உட்புறத்திலும் விளிம்பிலும் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, பின்னிருப்பவர் ஒருவரை அவற்றைக் கவனிக்கச் செய்தால், காற்று ஓடும் திசை கண்ணுக்கே தெரியும். நூல் பின்னோக்கிப் படிந்து நின்றால் ஓட்டம் சீரானது. முன்னோக்கித் திரும்பித் துடித்தால் அங்கே சுழல் உண்டு. பெரிய ஆய்வுகூடங்களிலும் இதே நூற்சோதனையைத்தான் செய்கின்றனர்.

மேல்விளிம்பு குற்றமெனக் கண்டால் இரண்டு வழிகள் உள. சுழல் தலைக்கு மேலாற் செல்லும்படி மறைப்பை உயர்த்தலாம்; அல்லது நெஞ்சளவில் மோதும்படி தாழ்த்தி, தலையைத் தூய காற்றில் விடலாம். யான் இரண்டாவதையே விரும்புவேன். நம் நாட்டு வெயிலில் தலைக்குக் காற்று வேண்டும். உயர்ந்த மறைப்பினூடாக நோக்கி ஓட்டுவது மழை இரவில் ஆபத்து. கீறல் விழுந்த தகட்டிலே எதிரே வரும் லொறியின் வெளிச்சம் பட்டுச் சிதறினால் வீதியே மறையும். மறைப்பு எவ்வளவு உயரமாயினும், ஓட்டுபவன் கண் அதன் விளிம்புக்கு மேலாகவே வீதியைக் காணல் வேண்டும் என்பதை விதியாகக் கொள்ளலாம்.

ஆனால் வெட்டுவதற்கு முன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மறைப்பின் அடியில் வழி திறந்து விடுக. பூட்டும் ஆணிகளில் 10 முதல் 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள இறப்பர் வளையங்களைக் கோத்து, மறைப்பை விளக்கினின்றும் சிறிது முன்னே தள்ளிப் பூட்டினால், அடியால் நுழையும் காற்று மறைப்பின் பின்புறமாக ஏறி, அமுக்கக் குறைவை நிரப்பும். வேலியின் இடுக்கு செய்த வேலையை இவ்விடைவெளி செய்கின்றது. அத்தோடு சாய்வையும் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்தல் வேண்டும். ஒரு நாளில் ஒரு மாற்றமே செய்க. இரண்டை ஒருங்கே செய்தால் எது பயன்தந்ததென்று அறிய இயலாது. மேல்விளிம்பிற் கவ்விப் பூட்டும் சிறு துணைத்தகடுகளும் விற்கின்றனர். அவற்றுள், தகட்டுக்கும் மறைப்புக்கும் இடையே இடுக்கு விட்டு அமைந்தவை நல்லன. விளிம்போடு ஒட்டி அமைந்தவை மதிலுக்கு மேல் இன்னுமொரு வரிசைக் கல் வைப்பது போன்றவை. கீழிருந்து காற்று வருவதாயின், கவைக்கால்களின் அருகே உள்ளங்கை அகலத்தில் இரு சிறு தகடுகள் பூட்டினாற் போதும்.

இவ்வளவும் செய்து பயனில்லையாயின் வெட்டலாம். ஒட்டுநாடாவை ஒட்டி, அதன்மேற் கோடு வரைந்து, நுண்பல் வாளால் மெல்ல அறுக்க. ஒரு முறைக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வெட்டலாகாது. குறைத்ததைக் கூட்ட எந்தக் கராச்சிலும் வழியில்லை. விளிம்பை அரத்தாளால் உருட்டிவிடல் வேண்டும். கூர்விளிம்பு விபத்திற் கழுத்துக்குக் கத்தி. மலிவான அக்கிரிலிக் தகடு அறுக்கும்போதும் ஆணியை இறுக்கும்போதும் வெடிக்கும். பொலிகாபனேற் தகடு வலியது. ஆயினும் எளிதிற் கீறல் விழும், பெற்றோல் பட்டால் நுண்ணிய வெடிப்புக் காணும். எவ்வகையாயினும் துளையை ஆணியிலும் சற்றுப் பெரிதாக இட்டு, இறப்பர் வளையம் வைத்து, அளவாக இறுக்குக.

மறைப்பைத் தொடாமலே குறைக்கத்தக்கனவும் சில உள. தொளதொளத்த தலைக்கவசம் மொத்தலை இரட்டிக்கும். தலையோடு இறுகப் பொருந்துவதை அணிதல் வேண்டும். கவசத்தின் அடியாற் புகும் காற்றைக் கழுத்திற் சுற்றிய ஒரு துணி பெரிதும் தடுக்கும். மென்நுரையாலான செவியடைப்பான்களை முறையாக உருட்டிச் செருகினால், காற்றின் இரைச்சல் வெகுவாகத் தணியும். ஹோர்ன் ஒலி அதனால் முற்றும் மறைவதில்லை. நெடுந்தூரம் நாடோறும் செல்வோருக்கு, புதிய மறைப்பு வாங்குவதினும் இதுவே முந்திய தேவை என்பேன். விலையும் அற்பம்.

மறைப்பினால் ஒருபோதும் தீராத மொத்தல் ஒன்றுண்டு. அது முன்னே செல்லும் பஸ்ஸும் லொறியும் எழுப்புவது. அவற்றின் பின்னே கழலும் சுழல்கள் வண்டியளவு பெரியன. நெருங்கிச் சென்றாற் காற்றுக் குறைவென்று எண்ணி ஒட்டிச் செல்லும் இளைஞர், சிறிது விலகியதும் ஏன் வண்டி உதறுகின்றதென்று வியக்கின்றனர். பின்வாங்கித் தூரம் விடுவதே அதற்கு வழி.

பக்கக்காற்றுக்கோ மறைப்பே பகை. ஆனையிறவுத் தாம்போதியில், தெற்கு நோக்கிச் செல்பவனுக்குச் சோளகம் வலப்புறத்திலிருந்து வீசும். கைபிடியிலே பூட்டிய பெரிய தகடு பாய்போல் அக்காற்றைப் பிடித்து, சுக்கானைத் திருப்புவது போல முன்சில்லையே திருப்பப் பார்க்கும். 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்திலும் இதே நிலைமை. ஆகையால், நாலு ஆணியைக் கழற்றினால் மறைப்புத் தனியே வரும்படி பூட்டுவித்துக்கொள்வது நன்று. வைகாசி முதற் புரட்டாதி வரை அதனைக் கழற்றித் துணியிற் சுற்றி வீட்டில் வைத்துவிட்டு, ஐப்பசி மழை தொடங்கும்போது மீளப் பூட்டுவதே என் வழக்கம். கழற்றிய முதல் நாள் மார்பிற் காற்று வலிதாகத் தோன்றும். மூன்றாம் நாள் பழகிவிடும்.